சிறுகுடல் சத்துகளை உறிஞ்சுவது எப்படி? பரப்பளவு பாதி பதில்தான்

கேள்வி இது: "ஊட்டச்சத்துகளை உறிஞ்சுவதற்குச் சிறுகுடல் எந்தெந்த வகையில் ஏற்றதாக அமைந்திருக்கிறது? பரப்பளவு அதிகம் என்பது மட்டும்தான் காரணமா?"

நீளமானது, மடிப்புகள் உண்டு, விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளான குடலுறிஞ்சிகள் உண்டு, அதனால் பரப்பளவு அதிகம் என்று பாடப்புத்தகங்கள் மூன்று வரியில் முடித்துவிடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் அது பாதி பதில்தான். ஒரு பொருள் ஒரு சவ்வைக் கடந்து போகும் வேகத்தைத் தீர்மானிப்பவை பல: சவ்வின் பரப்பு, அதன் தடிமன், இரு பக்கமும் உள்ள செறிவு வேறுபாடு, அந்தப் பொருளை ஏற்றிச் செல்லும் கடத்திகள், பொருள் அங்கே தங்கியிருக்கும் நேரம். பரப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உறிஞ்சியதை அந்தப் பக்கத்திலிருந்து உடனுக்குடன் அப்புறப்படுத்தாவிட்டால் உறிஞ்சல் நின்றுபோகும். சிறுகுடலின் ஒவ்வோர் அமைப்பையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் நீளம். உயிரோடு இருப்பவரின் சிறுகுடல் சுமார் 3 முதல் 5 மீட்டர் வரை இருக்கும். 6 அல்லது 7 மீட்டர் என்று நீங்கள் படித்திருந்தால், அது இறந்த உடலில் அளந்த கணக்கு. தசையின் இறுக்கம் போனபின் குடல் நீண்டுவிடும். ஆளுக்கு ஆள் நீளம் இவ்வளவு மாறுவதால்தான், குடலின் ஒரு பகுதியை அகற்றும் அறுவை சிகிச்சையில் எவ்வளவு வெட்டினார்கள் என்பதைவிட எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற அளவு முக்கியமாகிறது. பெரியவர்களுக்கு மிச்சம் 200 செ.மீ.க்குக் கீழே போனால், தேவையான சத்தையும் நீரையும் உறிஞ்சப் போதிய குடல் இல்லாத குறுங்குடல் நோய் வரும் வாய்ப்பு உண்டு.

இந்த நீளத்தில் முதல் 25 செ.மீ. மட்டுமே டியோடினம் எனும் முன்சிறுகுடல். மீதியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஜெஜூனம் எனும் நடுச்சிறுகுடல், ஐந்தில் மூன்று பங்கு இலியம் எனும் பின்சிறுகுடல்.

உட்சுவரில் முதலில் கண்ணுக்குத் தெரிவது வட்ட மடிப்புகள். கெர்க்ரிங் மடிப்புகள் என்றும் இவற்றைச் சொல்வார்கள். உயரம் 1 செ.மீ. வரை வரும். இரைப்பையின் மடிப்புகள் வயிறு நிரம்பினால் விரிந்து மறைந்துபோகும்; இவை அப்படி இல்லை, குடல் எவ்வளவு விரிந்தாலும் நிலையாக இருக்கும். பரப்பைக் கூட்டுவதோடு, உணவுக்கூழ் நேராக ஓடிவிடாமல் தடுத்துச் சுழல வைப்பதும் இவற்றின் வேலை. டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் தொடங்கி, ஜெஜூனத்தின் மேற்பகுதியில் மிக அடர்த்தியாக இருந்து, இலியத்தின் நடுப்பகுதி தாண்டியபின் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். எங்கே உறிஞ்சல் அதிகமோ அங்கே மடிப்பும் அதிகம்.

மடிப்புகளின் மேலும் மடிப்புகளுக்கு இடையிலும் நிறைந்திருப்பவை குடலுறிஞ்சிகள். அரை முதல் 1 மி.மீ. உயரமுள்ள இவை ஒரு சதுர மில்லிமீட்டரில் 10 முதல் 40 வரை இருக்கும். உட்சுவரை நீரில் விரித்துப் பார்த்தால் தேங்காய்ப்பூத் துண்டின் பரப்பைப் போலத் தெரியும். ஒவ்வோர் உறிஞ்சியின் மேலும் ஒரே அடுக்காக உறிஞ்சும் செல்கள். அந்தச் செல் ஒவ்வொன்றின் மேல்முனையிலும் ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகள். ஒரு நுண்ணுறிஞ்சியின் உயரம் சுமார் 1 மைக்ரோமீட்டர், விட்டம் அதில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே ஆக்டின் புரத இழைகள் கட்டாக நின்று அதை விறைப்பாக வைத்திருக்கின்றன.

எண்ணிக்கையில் ஒரு திருத்தம் சொல்லியே ஆக வேண்டும். மடிப்புகளால் 3 மடங்கு, குடலுறிஞ்சிகளால் 10 மடங்கு, நுண்ணுறிஞ்சிகளால் 20 மடங்கு, ஆக 600 மடங்கு, மொத்தப் பரப்பு 200 சதுர மீட்டருக்கும் மேல், ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்ற கணக்கு நெடுங்காலமாகப் புத்தகம் விட்டுப் புத்தகம் நகர்ந்துவருகிறது. 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள் ஹெலாண்டரும் ஃபேண்ட்ரிக்ஸும் இதை மறுபடி அளந்தார்கள். மடிப்புகளின் பங்கு 1.6 மடங்குதான், குடலுறிஞ்சிகளும் நுண்ணுறிஞ்சிகளும் சேர்ந்து 60 முதல் 120 மடங்கு, செரிமானப் பாதை முழுவதன் உட்பரப்பும் சராசரியாக 32 சதுர மீட்டர், அதில் பெருங்குடலுக்கு 2 போக மீதி பெரும்பாலும் சிறுகுடலுடையது. தேர்வுக்கு உங்கள் பாடப்புத்தகம் சொல்லும் எண்ணை எழுதுங்கள். உண்மை நிலவரம் 30 சதுர மீட்டருக்கு அருகில் என்பதை மனதில் வையுங்கள். ஒற்றை ஆளின் வயிற்றுக்குள் அதுவே மிகப் பெரிய பரப்புதான்.

ஒரே ஓர் உறிஞ்சியின் உள்ளே

ஒரு குடலுறிஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்புறம் பார்ப்போம். வெளியே ஒற்றைச் செல் அடுக்கு. அதற்கு அடியில், மிக அருகில், தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களின் வலை. நடுவில், நுனிப்பக்கம் மூடிய ஒரு நிணநீர்க் குழல். இதற்கு லாக்டியல் என்று பெயர். கூடவே மெல்லிய தசை இழைகள் சில. இவை சுருங்கும்போது உறிஞ்சி குட்டையாகி, லாக்டியலில் உள்ளதைக் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது.

குடலின் உட்குழியிலிருந்து இரத்தத்துக்குப் போக ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு கடக்க வேண்டியது ஒரு செல்லும், அதன் அடித்தளச் சவ்வும், தந்துகியின் சுவரும்தான். அந்தத் தந்துகியின் சுவரிலும் நுண்துளைகள் உண்டு. தடிமன் குறைவு என்ற தேவை இப்படி நிறைவேறுகிறது. உறிஞ்சப்பட்ட குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் இரத்தம் அங்கேயே தேங்கவிடாமல் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. அதனால் செல்லின் அந்தப் பக்கத்தில் செறிவு எப்போதும் குறைவாகவே இருக்கும், சரிவு நீடிக்கும். சாப்பிட்டபின் குடலுக்கு இரத்த ஓட்டம் பல மடங்கு கூடுவதும் இதற்காகத்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. உறிஞ்சிக்குள் மேலேறும் தமனியும் கீழிறங்கும் சிரையும் அருகருகே போவதால், ஆக்சிஜன் நுனியை எட்டும் முன்பே ஒரு பகுதி குறுக்கே கசிந்து சிரைக்குப் போய்விடுகிறது. நுனியிலுள்ள செல்கள் எப்போதும் ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பில் இருக்கின்றன. இரத்த அழுத்தம் வெகுவாகச் சரியும் கடும் அதிர்ச்சி நிலையிலோ குடலின் தமனி அடைபட்டாலோ முதலில் சாவது இந்த நுனிகள்தான்.

உறிஞ்சிகளுக்கு இடையே கீழ்நோக்கிப் போகும் குழிகள் லீபர்குன் குழிகள். பிரிந்து புதுச் செல்களை உருவாக்கும் தண்டுச்செல்கள் இருப்பது இங்கே. இங்கே பிறக்கும் செல் முதிர்ந்துகொண்டே மேலேறி, 3 முதல் 5 நாளில் உறிஞ்சியின் நுனியை அடைந்து உதிர்ந்துவிடும். அமிலம், நொதி, கிருமி, உராய்வு எல்லாவற்றையும் தாங்கும் ஒற்றைச் செல் அடுக்கு வேறெப்படி நிலைக்கும்? மெல்லியதாகவும் இருக்க வேண்டும், கிழியாமலும் இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் இடையில், ஓயாமல் புதுப்பித்துக்கொள்வதே தீர்வாகியிருக்கிறது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு அன்றே வராமல் சில நாள் கழித்து வருவதன் காரணமும் இதுவே. மருந்து தாக்குவது குழியில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை. மேலே இருக்கும் முதிர்ந்த செல்கள் தம் நாள் முடியும்வரை வேலை செய்கின்றன. அவை உதிரும்போது அந்த இடத்துக்கு வர ஆள் இல்லை.

உறிஞ்சலை ஓட்டும் விசை: சோடியம் பம்ப்

எனக்குச் சிறுகுடலில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. மூன்று வரிப் பதில்களில் விடுபட்டுப்போவதும் இதுதான்.

ஒவ்வோர் உறிஞ்சு செல்லின் அடிப்பக்கத்திலும், அதாவது இரத்தத்தை நோக்கிய பக்கத்தில், சோடியம்–பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றின் செலவில் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. விளைவாகச் செல்லுக்குள் சோடியம் மிகக் குறைவாகிறது. உட்புறம் எதிர் மின்னூட்டமும் பெறுகிறது. குடல்குழியில் இருக்கும் சோடியம் இப்போது உள்ளே வரத் துடிக்கிறது. ஆனால் மேல்முனைச் சவ்வில் அதற்குத் திறக்கும் கதவுகளில் முக்கியமான ஒன்று, குளுக்கோஸையும் சேர்த்துக்கொண்டு வந்தால்தான் திறக்கும். அந்தக் கடத்திக்குப் பெயர் எஸ்.ஜி.எல்.டி.1. 2 சோடியம் அயனிகளும் 1 குளுக்கோஸும் ஒன்றாக நுழைகின்றன. கேலக்டோஸும் இதே வழிதான். உள்ளே சேர்ந்த குளுக்கோஸ் அடிப்பக்கத்திலுள்ள குளூட்2 என்ற வேறொரு கடத்தி வழியாகச் சரிவின்படி இரத்தத்துக்கு இறங்குகிறது.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? சாப்பிட்டவுடன் குடலில் குளுக்கோஸ் செறிவு அதிகம். வெறும் பரவலே போதும். ஆனால் குடலில் செறிவு இரத்தத்தின் அளவுக்கு இறங்கியதும் பரவல் நின்றுவிடும். மிச்சம் இருப்பதெல்லாம் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு இரையாகும். சோடியத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டு இழுப்பதால்தான் குளுக்கோஸைக் கடைசித் துளிவரை எடுக்க முடிகிறது. ஃப்ரக்டோஸுக்கு இந்த வசதி இல்லை. குளூட்5 வழியாகச் சரிவின்படி மட்டுமே அது நுழையும். அதனால்தான் ஃப்ரக்டோஸ் அதிகமுள்ள பானத்தை ஒரே மூச்சில் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பி, பேதியாகிறது.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன என்ற கருத்தை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் பிராகில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார். காலரா சிகிச்சை இதனால் மாறியது. காலரா நச்சு குழிப்பகுதிச் செல்களைக் குளோரைடையும் நீரையும் கொட்டவைக்கிறது, ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1-ஐ அது தொடுவதில்லை. அந்த வழி திறந்தே இருக்கிறது. உப்பையும் குளுக்கோஸையும் சரியான விகிதத்தில் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், பின்னாலேயே நீரும் போகும். 1971-ல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் மருத்துவர் திலிப் மகாலனோபிஸ் இந்தக் கரைசலைப் பெருமளவில் கொடுத்து உயிர்களைக் காத்தார். நாம் இன்று ஓ.ஆர்.எஸ். என்று சொல்வது இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் அளவு, 1 லிட்டர் நீருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக வரும். மொத்த ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு, லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். பாக்கெட் கிடைக்காதபோது 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டமான தேக்கரண்டி உப்பும் கலப்பார்கள். இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: "தெம்பு வரட்டும்" என்று சர்க்கரையைக் கூட்டிப் போடுவது. கடத்தி எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிய சர்க்கரை குடலிலேயே தங்கி, இரத்தத்திலிருந்து நீரை வெளியே இழுக்கும், பேதி கூடும். குளிர்பானமும் அடர்த்தியான பழச்சாறும் இந்த நேரத்தில் ஆகாது என்பதற்குக் காரணம் இதுவே. உப்பைக் கூட்டிப் போடுவது இதைவிட ஆபத்து, குறிப்பாகக் குழந்தைகளுக்கு; இரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். பாக்கெட்டைப் பாதி நீரில் கரைப்பதும் இந்த இரண்டு தவறையும் ஒருசேரச் செய்வதாகிவிடும்.

நீரைப் பற்றி இன்னொரு சேதி. ஒரு நாளில் சிறுகுடலுக்குள் வரும் நீர் 8 முதல் 9 லிட்டர். நாம் குடிப்பதும் உண்பதும் அதில் 2 லிட்டர்தான். மற்றதெல்லாம் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடலே ஊற்றியது. சிறுகுடல் ஏறக்குறைய 7 லிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலுக்குப் போவது ஒன்றரை முதல் 2 லிட்டர். மலத்தில் வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டும். இந்த எண்களைப் பார்த்தால், சிறுகுடலின் வேலையில் சிறு குறைவு வந்தாலும் ஏன் அது பேதியாகத் தெரிகிறது என்பது புரியும்.

புரதமும் கொழுப்பும்

புரதம் அமினோ அமிலமாக முழுதும் உடைந்தபின்தான் உறிஞ்சப்படும் என்பது பலரும் நினைப்பது. பெரும்பகுதி இரண்டு, மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகளாகவே செல்லுக்குள் நுழைகிறது. பெப்ட்1 என்ற கடத்தி ஹைட்ரஜன் அயனியின் சரிவைக் கொண்டு இவற்றை இழுக்கிறது. செல்லுக்குள் வந்தபின் இவை தனி அமினோ அமிலங்களாக உடைகின்றன. ஹார்ட்னப் என்ற பரம்பரை நோயில் சில அமினோ அமிலங்களுக்கான கடத்தியே பழுதாகியிருக்கும். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்குக் கடுமையான புரதக் குறைவு வருவதில்லை. அந்த அமினோ அமிலங்கள் துண்டு வடிவில் வேறு வாசல் வழியாக வந்துவிடுகின்றன.

கடைசிக் கட்டச் செரிமானம் நடப்பது உறிஞ்சும் சவ்விலேயே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லாக்டேஸ், மால்டேஸ், சுக்ரேஸ் போன்ற நொதிகள் குடல்நீரில் மிதப்பவை அல்ல. நுண்ணுறிஞ்சிகளின் சவ்வில் நங்கூரமிட்டு நிற்பவை. சர்க்கரை உடையும் இடமும் அதை ஏற்றும் கடத்தியும் அடுத்தடுத்து இருப்பதால், உடைந்த குளுக்கோஸ் பாக்டீரியா கைக்குப் போவதற்குள் உள்ளே போய்விடுகிறது. பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் உறிஞ்சியின் மேற்பகுதியிலுள்ள முதிர்ந்த செல்களில்தான் முழு அளவில் இருக்கும். ரோட்டா வைரஸ் தாக்கினால் முதலில் உதிர்வதும் அவையே. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றபின்னும் சில நாள் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இதுதான் காரணம். செல்கள் மறுபடி முளைத்து முதிர்ந்ததும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். தாய்ப்பாலை இதற்காக நிறுத்தக் கூடாது.

கொழுப்பின் கதை வேறு. செல் சவ்வே கொழுப்பால் ஆனதுதான் என்பதால் கொழுப்பு அமிலம் அதைக் கடப்பது கடினமில்லை. கடினம், சவ்வின் அருகே போய்ச் சேர்வது. உறிஞ்சிகளை ஒட்டி அசையாத நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. கொழுப்பு அதில் கரையாது. பித்தநீரிலுள்ள பித்த உப்புகள் இங்கேதான் உதவுகின்றன. கணைய லைபேஸ் உடைத்த கொழுப்பு அமிலங்களையும் மோனோகிளிசரைடுகளையும் உள்ளே வைத்து, வெளிப்புறம் நீரோடு ஒட்டும்படி அவை மைசெல் என்ற மிகச் சிறிய உருண்டைகளாகின்றன. மைசெல் அந்த நீர்ப்படலத்தைக் கடந்து சவ்வருகே வந்து சரக்கை இறக்குகிறது. பித்த உப்பு மட்டும் குடலிலேயே தங்கி அடுத்த சுமையை ஏற்றப் போய்விடுகிறது.

செல்லுக்குள் போனதும் இவை மறுபடி டிரைகிளிசரைடு எனும் முழுக் கொழுப்பாக இணைக்கப்படுகின்றன. அதற்குப் புரத உறை போட்டு, கைலோமைக்ரான் என்ற துகளாக வெளியே அனுப்புகிறது செல். தந்துகியின் துளைக்குள் அது நுழையாது, அவ்வளவு பெரியது. லாக்டியலின் சுவர்ச் செல்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி வழியாக நிணநீருக்குள் போகிறது. அங்கிருந்து மார்பு நிணநீர் நாளம் வழியாக, கல்லீரலைத் தொடாமல், இடது கழுத்தருகே சிரையில் கலக்கிறது. உறிஞ்சிக்குள் இரண்டு விதக் குழல்கள் இருப்பதற்கான காரணம் இதுதான். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை. அவை நேரே போர்ட்டல் சிரைக்குப் போய்விடும். நிணநீர் நாளம் அடைபட்டவர்களுக்கும் பித்தநீர் போதாதவர்களுக்கும் அந்தவகைக் கொழுப்பைச் சிறப்பு உணவாகத் தருவது இதனால்தான். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்தே பயணிப்பதால், கொழுப்பு உறிஞ்சல் கெட்டால் அவையும் குறையும்.

எது எங்கே உறிஞ்சப்படுகிறது

சிறுகுடல் முழுக்க ஒரே வேலை செய்வதில்லை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பெரும்பகுதி டியோடினத்திலும் ஜெஜூனத்தின் மேற்பகுதியிலும் முடிந்துவிடும். இரும்புச்சத்து முக்கியமாக டியோடினத்தில். அங்கே அமிலத்தன்மை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும்; சவ்விலுள்ள ஒரு நொதி ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக மாற்றி, கடத்தி அதை உள்ளே எடுக்கும். வைட்டமின் சி இந்த மாற்றத்துக்குக் கைகொடுக்கும். தேநீரிலுள்ள டானின் இரும்பைக் கட்டிப்போடும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்துச் சாப்பிட்டால் பலன் குறைவது இதனால்தான். அதிக இரும்பைக் கழிக்க உடலுக்குத் தனி வழி இல்லை. எவ்வளவு உள்ளே விடுவது என்பதைக் கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் தீர்மானிக்கிறது. அனுமதி கிடைக்காத இரும்பு செல்லுக்குள்ளேயே ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் அடைபட்டுக் கிடந்து, 3 முதல் 5 நாளில் செல் உதிரும்போது கூடவே போய்விடும்.

ஃபோலேட் டியோடினத்திலும் ஜெஜூனத்திலும். பி12-ம் பித்த உப்பும் இலியத்தின் கடைசிப் பகுதியில் மட்டும். பி12-க்கு இரைப்பையில் சுரக்கும் உள்ளார்ந்த காரணி என்ற புரதம் துணை வர வேண்டும். அந்த ஜோடியை அடையாளம் காணும் ஏற்பி இருப்பது அங்கேதான். பித்த உப்புகள் கடைசியில் உறிஞ்சப்படுவதிலும் பொருள் இருக்கிறது: மேலேயே உறிஞ்சப்பட்டுவிட்டால் கொழுப்பைக் கரைக்க யார் மிச்சம்? வேலை முடிந்தபின் சுமார் 95 சதவீதம் இலியத்தில் மீட்கப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகிறது. உடலிலுள்ள சில கிராம் பித்த உப்பே ஒரு நாளில் பல முறை சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. உணவுக்கூழ் சிறுகுடலைக் கடக்க ஏறக்குறைய 3 முதல் 5 மணி நேரம் எடுக்கும். இரைப்பை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுகிறது. டியோடினம் கொழுப்பையும் அமிலத்தையும் உணர்ந்தால் இன்னும் மெதுவாக்கச் சொல்லி ஹார்மோன் அனுப்புகிறது. சாப்பிட்டபின் குடலில் அதிகம் நடப்பது முன்னும் பின்னும் பிசையும் துண்டாக்க அசைவு, டியோடினத்தில் நிமிடத்துக்கு 12 வரை, இலியத்தில் 8 அல்லது 9. உறிஞ்சப்படாத கொழுப்பு இலியம்வரை வந்துவிட்டால், அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன்கள் மேலே எல்லாவற்றையும் தாமதப்படுத்துகின்றன. வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை மணியிலிருந்து 2 மணிக்கு ஒருமுறை வரும் துப்புரவு அலை மிச்சம் மீதியையும் பாக்டீரியாவையும் கீழே தள்ளிவிடும்.

எங்கே பழுதானால் என்ன குறையும்

இந்த இட ஒதுக்கீட்டைத் தெரிந்துகொண்டால், நோயின் அறிகுறியிலிருந்தே பழுது எங்கே என்று ஊகிக்கலாம். சீலியாக் நோயில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டனுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்கி, உறிஞ்சிகளைத் தட்டையாக்கிவிடுகிறது. குழிகள் ஈடுகட்ட முயன்று ஆழமாகின்றன. பாதிப்பு மேற்பகுதியில் கடுமையாக இருப்பதால் பல பெரியவர்களுக்குப் பேதியே இல்லாமல், மாத்திரைக்கு அடங்காத இரும்புக்குறை இரத்தசோகையாகவே முதலில் தெரியும். சந்தேகம் வந்ததும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போவது இதில் வழக்கமாக நடக்கும் தவறு. குளூட்டன் நின்றதும் உறிஞ்சிகள் மீளத் தொடங்கும், இரத்தத்தில் எதிர்ப்பொருளும் குறையும். பரிசோதனை நோயில்லை என்று தவறாகக் காட்டிவிடக்கூடும். இரத்தப் பரிசோதனையும் டியோடினத் திசுப் பரிசோதனையும் முடியும்வரை வழக்கமான உணவையே உண்ண வேண்டும்.

இலியத்தின் கடைப்பகுதியை அகற்றினால் வேறு படம். சுமார் 60 செ.மீ.க்கு மேல் போனால் பி12 உறிஞ்சல் பெரும்பாலும் கெட்டுவிடும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு தெரிய சில ஆண்டுகள் ஆகலாம், எனவே காத்திருக்காமல் ஊசியைத் தொடங்குவதே சரி. 100 செ.மீ.க்குக் குறைவாக அகற்றியிருந்தால், மீட்கப்படாத பித்த உப்பு பெருங்குடலை எரிச்சலூட்டி நீராகப் பேதியாகும்; கல்லீரல் புதிதாகச் சுரந்து ஈடுகட்டுவதால் கொழுப்பு உறிஞ்சல் ஓரளவு தப்பிக்கும். பித்த உப்பைக் கட்டிப்போடும் கொலஸ்டிரமின் இங்கே பலன் தரும். 100 செ.மீ.க்கு மேல் அகற்றியிருந்தால் கல்லீரலால் ஈடுகட்ட முடியாது. பித்த உப்பே தீர்ந்து, மலத்தில் கொழுப்பு போகும். இப்போது அதே மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். இரண்டுக்கும் பெயர் பேதிதான், சிகிச்சை நேரெதிர்.

அறுவை சிகிச்சையில் ஜெஜூனத்தின் முடிவையே வயிற்றின் வெளியே திறந்துவிட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஜெஜூனத்தின் செல் இணைப்புகள் மற்ற பகுதியைவிடக் கசிவு மிக்கவை. உள்ளே இருக்கும் நீரில் சோடியம் குறைவாக இருந்தால் இரத்தத்திலிருந்து சோடியம் குடலுக்குள் கசியும். தாகம் எடுக்கிறதே என்று இவர்கள் வெறும் நீரை அதிகம் குடித்தால் வெளியேறும் அளவு இன்னும் கூடி, உடல் மேலும் வறண்டுபோகும். வெறும் நீரைக் குறைத்து, லிட்டருக்கு 90 மில்லிமோல் அளவுக்குச் சோடியம் உள்ள குளுக்கோஸ்-உப்புக் கரைசலைச் சிறுகச் சிறுகப் பருக மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

மிச்சமுள்ள குடல் இழப்பை ஈடுகட்டவும் முயலும். உறிஞ்சிகள் உயரமாகும், குழிகள் ஆழமாகும், குடலே கொஞ்சம் விரியும். ஓரிரு ஆண்டுகள்வரை இந்த மாற்றம் தொடரும். ஜெஜூனத்தை இழந்தால் அதன் வேலையில் பெரும்பகுதியை இலியம் கற்றுக்கொள்ளும். இலியத்தை இழந்தால் பி12-க்கும் பித்த உப்புக்கும் ஜெஜூனம் ஒருபோதும் ஈடாகாது. அந்த ஏற்பிகள் அங்கே உருவாவதில்லை. இந்த வளர்ச்சிக்கு உணவு குடலுக்குள்ளேயே வர வேண்டும். எல்லாச் சத்தையும் சிரை வழியாக மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால், உடலுக்கு ஊட்டம் குறையாவிட்டாலும் உறிஞ்சிகள் குட்டையாகிவிடும். குறுங்குடல் நோயாளிக்கு உறிஞ்சுவது சொற்பமே என்றாலும், வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ சிறிதளவு உணவை முடிந்த அளவு சீக்கிரம் தொடங்குவது இதற்காகத்தான்.